ஸ்காட்லாந்து குலங்கள்: பெயர் ஒன்றானால் பங்காளியா?

கேள்வி: ஒரே குலப்பெயர் உள்ளவர்கள் எல்லோரும் பங்காளிகளா?

இல்லை. வம்சாவளி பெரும்பாலும் தலைவர் குடும்பத்துக்குத்தான். அவர் நிலத்தில் குடியிருந்தவர்களும் அவரிடம் அடைக்கலம் வந்தவர்களும் காலப்போக்கில் அவர் பெயரையே வைத்துக்கொண்டார்கள். ஓட்ஸ் மாவு வாங்கிக்கொண்டு ஃபிரேசர் குலப்பெயருக்கு மாறியவர்கள் என்று 'மாவு ஃபிரேசர்' என்றொரு கேலிப்பெயர்கூட உண்டு. யார் நிலத்தில் வாழ்கிறாய், யார் கூப்பிட்டால் வாளோடு போவாய் என்பதே அங்கே கேள்வி.

கேள்வி: பெயரை விடுவது அவ்வளவு சுலபமா?

மெக்ரெகர் குலத்தாருக்கு வேறு வழி இல்லை. 1603-ல் கிளென் ஃப்ரூயின் சண்டையில் அவர்கள் எதிரிகளை வெட்டிச் சாய்த்ததும், ஆறாம் ஜேம்ஸ் மன்னர் அந்தப் பெயருக்கே தடை போட்டார். மீறினால் மரண தண்டனை. கேம்பல், மர்ரே, டிரம்மண்ட் என்று கிடைத்த பெயரில் ஒளிந்து வாழ்ந்தார்கள். அந்தக் குலத்தின் பேர்போன ராப் ராயே தாய்வழிப் பெயரான கேம்பலில் உலவியவர்தான். நடுவே தடை விலகித் திரும்பவும் வந்தது. 1774-ல்தான் ஒரேயடியாக நீங்கியது.

கேள்வி: குலமுறை கல்லோடன் போரோடு முடிந்துவிட்டதா?

1746 ஏப்ரலில் ஸ்டூவர்ட் இளவரசருக்காக எழுந்த குலங்கள் அந்தப் போரில் அரசுப் படையிடம் தோற்றது பெரிய அடிதான். தலைவர்களின் பரம்பரை நீதி அதிகாரத்தையும் அரசு பறித்தது. ஆனால் எனக்கென்னவோ, குலத்தை உண்மையில் கைவிட்டது தலைவர்கள்தான் என்று படுகிறது. படை தேவையில்லை என்றானதும் ஆள் பாரமானது, குத்தகைப் பணம் பெரிதானது. குடியானவர்களைக் கிளப்பிவிட்டு ஆட்டுப் பண்ணை வைத்தார்கள். 1814-ல் சதர்லாந்து சீமாட்டியின் நிலமான ஸ்ட்ராத்நேவரில் வீட்டுக் கூரை உத்தரங்களைக் கொளுத்தினார்கள். மரம் அரிதான ஊர். உத்தரம் போனால் திரும்பி வந்து வீடு கட்ட முடியாது. அந்தச் சீமாட்டி சதர்லாந்து குலத்தின் தலைவியும்கூட!

கேள்வி: ஜமைக்காவில் ஏன் இத்தனை கேம்பல்கள்?

அடிமைத் தோட்டங்கள்தான் காரணம். ஸ்காட்லாந்து முதலாளிகள், மேற்பார்வையாளர்களின் பெயர் அடிமைகள் மேல் விழுந்தது. சிலருக்கு ரத்த உறவும் உண்டு, அது எப்படி வந்தது என்பதை விளக்கத் தேவையில்லை. மாவுக்குப் பெயர் மாறியவரைச் சேர்த்துக்கொண்ட மரபு, இவர்களை வெளியே நிறுத்த ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: என் கணவர் கனடாக்காரர், ஆம்ஸ்ட்ராங் குடும்பம். கடையில் 'குடும்பச் சின்னம்' வாங்கினோம். சரியா?

சுவரில் மாட்ட அழகாக இருக்கும், அவ்வளவுதான். ஸ்காட்லாந்தில் மரபுச் சின்னம் தனி ஆளுக்கு உரியது. அதை வழங்குபவர் லார்டு லயன் என்ற அரசு அதிகாரி. டார்ட்டன் என்ற கட்டம்போட்ட துணிக்கு அந்தக் கெடுபிடி இல்லை, தாராளமாக உடுத்தலாம். குலத்துக்கொரு கட்டம் என்ற மோகமே 1822-ல் பிரிட்டிஷ் மன்னர் நான்காம் ஜார்ஜ் எடின்பரோ வந்த பிறகுதான் சூடுபிடித்தது.

கேள்வி: வேர் தேட எங்கே தொடங்கலாம்?

குலத்தை விடுங்கள், ஊரைப் பிடியுங்கள். 1855 முதல் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் அரசிடம் உள்ளன. 'ஸ்காட்லாண்ட்ஸ் பீப்பிள்' தளத்தில் தேடலாம். முதலில் இறப்புப் பதிவைப் பாருங்கள். இறந்தவரின் பெற்றோர் இருவர் பெயரும், தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் அதில் இருக்கும்.