முதல் அடி வைத்தாலே குத்தும் குதிகால்: வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

"எனக்கு வயது 46. ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. நான்கு மாதமாகக் காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் வலது குதிகாலில் ஆணி அடித்ததுபோல் வலி. கொஞ்சம் நடந்தால் குறைகிறது. மதியம் சாப்பிட்டுவிட்டு எழுந்தால் மறுபடி வருகிறது. எக்ஸ்ரேயில் முள் வளர்ந்திருக்கிறது என்றார்கள். சர்க்கரை இல்லை. தினமும் வலி மாத்திரை போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். என்ன செய்யலாம்?" — ஒரு வாசகி

பிசியோதெரபிஸ்ட் பதில்:

சரிசெய்ய முடியும். முதலில் அந்த முள்ளை மறந்துவிடுங்கள். வலியே இல்லாத பலருடைய எக்ஸ்ரேயிலும் அது இருக்கும்.

குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை, உள்ளங்காலுக்கு அடியில், வில்லுக்கு நாண் கட்டியதுபோல் ஒரு தடித்த சவ்வு ஓடுகிறது. நாள் முழுக்க நிற்கும்போது அது எலும்பில் ஒட்டியிருக்கும் இடம் நைந்துபோகிறது. இரவில் பாதம் கீழ்நோக்கித் தளர்ந்து கிடப்பதால் சவ்வு சுருங்கிக்கொள்ளும். எழுந்ததும் உடல் எடை முழுவதும் அதன்மேல் இறங்க, வெடுக்கென்று இழுபடுகிறது. நீங்கள் சொல்வது அப்படியே இந்த வலிதான்.

அதனால் கட்டிலைவிட்டு இறங்கும் முன்பே வேலையைத் தொடங்குங்கள். வலது காலை இடது தொடைமேல் போட்டு, கால் விரல்களைக் கையால் பிடித்து முழங்காலை நோக்கி வளையுங்கள். மற்றக் கையின் கட்டைவிரலால் உள்ளங்காலைத் தடவினால் சவ்வு கயிறுபோல் விறைத்து நிற்பது தெரியும். 10 எண்ணும்வரை பிடித்து விடுங்கள். இப்படி 10 முறை. ஒரு நாளைக்கு மூன்று வேளை. மதியம் சாப்பிட்டு எழும் முன்பும் கட்டாயம் செய்ய வேண்டும். வலி குறைந்ததும் பலர் நிறுத்திவிடுகிறார்கள், அது திரும்ப வருகிறது.

கெண்டைக்கால் இறுகியிருந்தால் குதிகால் இன்னும் இழுபடும். சுவரில் கை ஊன்றி, வலது காலைப் பின்னே நீட்டி, குதிகால் தரையைவிட்டு எழும்பாமல் முன்னே சாயுங்கள். 30 நொடி, மூன்று முறை.

இரண்டு வாரம் கழித்து, வாசல்படி விளிம்பில் முன்பாதத்தால் நின்று, கால் விரல்களுக்கு அடியில் ஒரு துண்டைச் சுருட்டி வையுங்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு 3 நொடியில் குதிகாலை உயர்த்தி, 2 நொடி நின்று, 3 நொடியில் இறக்குங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், 12 முறை. செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலை வலி கூடியிருந்தால் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

அப்புறம் தரை. நம் வீடுகளில் செருப்பு வாசலோடு நின்றுவிடுகிறது. டைல்ஸ், கிரானைட் மேல் வெறுங்காலோடு சமைத்துவிட்டு, கடையிலும் பெரும்பாலும் வெறுங்காலோடு நிற்கிறீர்கள். வீட்டுக்குள் போட மட்டும், குதிகால் பக்கம் சற்று உயரமாக, மெத்தென்ற ஒரு செருப்பு வாங்குங்கள். தேய்ந்துபோன பழைய ஹவாய் செருப்பு போதாது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காருங்கள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. ஸ்டூல் கேட்பது உங்கள் உரிமை, தயங்காதீர்கள்.

ராத்திரி, உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பாதத்துக்கு அடியில் 10 நிமிடம் உருட்டலாம். சுடுசெங்கல், எருக்க இலை ஒத்தடம் கொஞ்ச நேரம் இதமாக இருக்கும். ஆனால் சர்க்கரை நோயால் கால் உணர்ச்சி குறைந்தவர்கள் அதன் பக்கமே போகக் கூடாது. சுட்டுக்கொண்டதுகூடத் தெரியாமல் புண்ணாகிவிடும்.

எனக்குக் கவலை தருவது உங்கள் மாத்திரைதான். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை மாதக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண், ரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் வரலாம். நீங்கள் போடுவது அந்த வகையா என்று அட்டையைப் பாருங்கள். ஆம் என்றால் மருத்துவரிடம் சொல்லி, ரத்த அழுத்தமும் கிரியாட்டினினும் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) ஒருமுறை பார்த்துவிடுங்கள். வலி தாங்காத நாளில் மட்டும் பாரசிட்டமால் போதும். கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் கேட்டுவிட்டுப் போடவும்.

இது ஒரு வாரத்தில் போகிற வலி இல்லை, மாதங்கள் ஆகும். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் சரியாகிவிடுகிறது. காலையில் எத்தனை அடி நடந்த பிறகு வலி விடுகிறது என்று காலண்டரில் குறித்து வாருங்கள். அந்த எண் குறைவதுதான் குணமாவதன் முதல் அறிகுறி. மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் அது அசையவில்லை என்றால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். பாதம் மரத்துப்போவது, சிவந்து வீங்கிக் காய்ச்சல் வருவது, படுத்திருக்கும்போதும் தூங்கவிடாமல் வலிப்பது, கீழே விழுந்தபின் ஊன்றவே முடியாமல் போவது: இவற்றில் எது வந்தாலும் மூன்று மாதம் காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள்.