பிரிட்டனின் சவுத் வேல்ஸ் நிலக்கரிப் பகுதியில் உள்ளூர்ப் பத்திரிகைகள் எப்படி வளர்ந்தன?

சுரங்கத் தொழிலாளர்களுக்கென்று தனிப் பத்திரிகை இருந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இருந்தது, அதுவும் அவர்கள் தாய்மொழியான வெல்ஷிலேயே.

தொடக்கம் துறைமுக ஊரான ஸ்வான்சீ. 1804இல் ‘தி கேம்ப்ரியன்’ ஆங்கிலத்திலும், 1814இல் முதல் வெல்ஷ் மொழி வார இதழான ‘செரென் கோமெர்’-உம் அங்கே வந்தன. ஆனால் பத்திரிகைக்கு முத்திரை வரி இருந்ததால் விலை அதிகம். கூலிக்காரர் கைக்கு எட்டவில்லை. 1855இல் அந்த வரி போனது. அப்புறம்தான் சுரங்கங்கள் இருந்த பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு அச்சகங்கள் பெருகின.

எனக்கு முக்கியமாகப் படுவது, 1875இல் சுரங்க ஊரான அபர்டேரில் தொடங்கிய ‘தாரியன் அ க்வைத்யுர்’. ‘தொழிலாளியின் கேடயம்’ என்று பொருள். கூலித் தகராறு, சுரங்க விபத்து, சங்கச் செய்தி, ஊர்க் கவிதைப் போட்டி எல்லாம் ஒரே தாளில். கரி வெட்டுகிறவரே கவிதையும் எழுதிய சமூகம் அது. பிற்காலத்தில் பெயரைச் சுருக்கிக்கொண்டு 1934 வரை நீடித்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. கார்டிஃபின் ‘வெஸ்டர்ன் மெயில்’ 1869இல் பியூட் பிரபுவின் பணத்தில் பிறந்தது. கரி நிலமும் துறைமுகமும் வைத்திருந்தவர் அவர். அதனால் ஒரு வேலைநிறுத்தத்தைப் பற்றிப் படிக்கும்போது, எந்தப் பத்திரிகை சொல்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

எல்லாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்த பணத்தில் நடத்திய மன்றங்களின் வாசிப்பறையில், ஒரே பிரதி பல கை மாறியது.