இன்ட்ரெபிட் கப்பலைப் பார்க்கப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றில், 46வது தெரு முடிகிற இடத்தில் இப்போது அருங்காட்சியகமாக நிற்கும் விமானந்தாங்கிக் கப்பல் இன்ட்ரெபிட். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே அழைத்துப் போவது என் வழக்கம், இதுவரை ஏழெட்டு முறை ஆகிவிட்டது. வந்த கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் எழுதுகிறேன்.

அண்ணா, எடிசனிலிருந்து வருகிறோம். கார் எடுத்து வரலாமா, ரயில்தான் நல்லதா? எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

ரயிலில் வாருங்கள். பென் ஸ்டேஷனில் இறங்கி, ஏ, சி, ஈ சப்வேயில் ஒரே நிறுத்தம் போனால் 42வது தெரு. அங்கிருந்து மேற்கே நடந்தால் இருபது நிமிடம், இல்லையென்றால் எம்42 பஸ் ஆற்றங்கரை வரை போகும். நேரம் என்றால் குறைந்தது நான்கு மணி நேரம். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டு டைம்ஸ் ஸ்கொயர் போகலாம் என்று திட்டம் போட்டால் மேலே விமானங்களோடு படம் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான், கப்பலைப் பார்த்ததாகவே இருக்காது.

அம்மாவுக்கு 68 வயது, முட்டி வலி. படி ஏற முடியுமா?

ஓடுதளத்துக்கும் அதன் கீழே விமானங்களை நிறுத்திவைக்கும் ஹேங்கர் தளத்துக்கும் லிஃப்ட் இருக்கிறது, அம்மா இரண்டையும் நிதானமாகப் பார்க்கலாம். மாலுமி அறை ஒன்றில் மூன்றடுக்குப் படுக்கைகள் தொங்குவதையும் காட்டுங்கள், மூவாயிரம் பேருக்கு மேல் இப்படித்தான் இதில் வாழ்ந்தார்கள். தளபதி நின்று கப்பலை நடத்திய பிரிட்ஜுக்குப் போகும் ஏணி செங்குத்தானது, அது வேண்டாம். பக்கத்தில் நிற்கும் குரோலர் நீர்மூழ்கியும் வேண்டாம், குனிந்து காலைத் தூக்கி வைத்து நுழைகிற சின்னத் துவாரங்கள் அதில். குளிர்காலம் என்றால் ஆற்றுக்காற்று மேல்தளத்தில் முகத்தை அறுக்கும், காதை மூடிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

சார், இது நிஜமாகவே போரில் இருந்ததா, இல்லை காட்சிக்கு வைத்த கப்பலா? மகன் கேட்கிறான்.

மகனுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். 1943 ஆகஸ்டில் கடற்படையில் சேர்ந்த கப்பல் இது. அடுத்த பிப்ரவரியில் பசிபிக் கடலில், ட்ரக் தீவுகளில் இருந்த ஜப்பானியத் தளத்தைத் தாக்கப் போன இடத்தில் ஒரு டார்பிடோ பின்பக்கம் அடித்துச் சுக்கானை ஒரு பக்கமாக இறுக்கிவிட்டது. சுக்கான் போனால் கப்பல் எங்கே போகும்? இரண்டு பக்க எஞ்சின்களின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஒருமாதிரி திருப்பிக்கொண்டு வந்தார்கள், ஆனால் இரண்டு நாளில் பலத்த காற்று பிடித்து முகப்பை டோக்கியோ பக்கமே திருப்பியது. அப்போது மாலுமிகள் கையில் கிடைத்த கித்தான் துணிகளையும் மூடுதுணிகளையும் சேர்த்துத் தைத்து, முன்பக்கம் ஒரு பாய் கட்டினார்கள். அவ்வளவு பெரிய இரும்புக் கப்பல், நம் பாய்மரத் தோணி மாதிரி காற்றைப் பிடித்துத் திசை திரும்பி, பிப்ரவரி 24 அன்று பேர்ல் ஹார்பர் போய்ச் சேர்ந்தது. இதைப் படித்த பிறகுதான் எனக்கு இந்தக் கப்பல் மேல் பித்துப் பிடித்தது.

ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் எதைச் சொல்வீர்கள்?

பீரங்கித் தொட்டி எண் 10. கப்பலின் ஓரத்தில், விமான எதிர்ப்புத் துப்பாக்கிகள் வைத்த வட்டமான இடங்களைத்தான் அப்படிச் சொல்வார்கள். அதை இயக்கியவர்கள் கறுப்பின மாலுமிகள். அன்றைய அமெரிக்கக் கடற்படையில் அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்த வேலை அதிகாரிகளுக்குச் சமைப்பது, பரிமாறுவது. போர் மணி அடித்தால் அதே ஆட்கள் ஓடிவந்து இந்தத் துப்பாக்கிகளில் நின்றார்கள். 1944 அக்டோபர் கடைசியில், பிலிப்பைன்ஸ் அருகே ஒரு ஜப்பானியத் தற்கொலை விமானம் நேராக அவர்களை நோக்கி வந்தது. அவர்கள் இடத்தை விட்டு நகராமல் கடைசிவரை சுட்டுக்கொண்டே இருந்தார்கள். விமானம் அந்தத் தொட்டி மேலேயே விழுந்து பத்துப் பேர் இறந்தார்கள், கப்பல் பிழைத்தது. உயிர் பிழைத்தவர்களில் ஒருவரான அலோன்சோ ஸ்வான், நேவி கிராஸ் என்ற உயர்ந்த பதக்கம் தருவதாகச் சொல்லிவிட்டு அதைவிடக் குறைந்ததைக் கொடுத்தார்கள் என்று பல ஆண்டுகள் போராடினார். 1993ல்தான் நேவி கிராஸ் அவர் கைக்கு வந்தது. நாற்பத்தொன்பது வருடம்! அந்த இடத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள்.

அதற்கு அடுத்த மாதமே, நவம்பர் 25ல், ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு தற்கொலை விமானங்கள் வந்து மோதின. ஹேங்கர் தளத்தில் தீ பிடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். நீங்கள் டிக்கெட்டைக் காட்டிவிட்டு நடக்கப் போவது அதே ஹேங்கர் தளத்தில்தான்.

1944 படங்களில் ஓடுதளம் நேராக இருக்கிறது, இப்போது சாய்ந்த மாதிரி ஒரு பகுதி நீட்டிக்கொண்டிருக்கிறதே?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். போருக்குப் பிறகு ஜெட் விமானங்கள் வந்துவிட்டன, அவை எடையும் அதிகம், வேகமும் அதிகம். 1950களில் கப்பலையே மாற்றிக் கட்டினார்கள். சாய்வான தளத்தில் இறங்கும் விமானம், அதை நிறுத்தக் குறுக்கே கட்டிய கம்பியைப் பிடிக்கத் தவறினாலும் முன்னால் நிற்கும் விமானங்களில் மோதாமல் மறுபடி மேலே போய்விடலாம், அதுதான் காரணம். விமானத்தை எறிகிற நீராவிக் கவணும் அப்போது வந்ததுதான்.

விண்வெளி ஓடம் இருக்கிறதாமே, அது விண்வெளிக்குப் போனதா?

இங்கே இருக்கும் ஓடத்தின் பெயர் என்டர்பிரைஸ், அது விண்வெளிக்குப் போகவில்லை. 1977ல் தரையிறங்கும் சோதனைகளுக்குப் பயன்பட்டது. கப்பலுக்கு விண்வெளியோடு சொந்த உறவே உண்டு, 1962ல் ஸ்காட் கார்பென்டர் பூமியைச் சுற்றிவிட்டுக் கடலில் விழுந்தபோது அவரை மீட்கப் போனது இன்ட்ரெபிட்தான். அப்புறம், துறையிலேயே ஒலியைவிட வேகமாகப் பறந்த பயணிகள் விமானமான கான்கார்டு ஒன்றும் நிற்கிறது, 1996ல் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு மூன்று மணி நேரத்துக்குள் பறந்து சாதனை செய்த அதே விமானம்.

கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். சான் டியேகோவில் மிட்வே இருக்கிறது, அதுவும் இரண்டாம் உலகப்போர்க் கப்பல்தானே?

இல்லை. போர் முடிந்து ஒரு வாரம் கழித்து, 1945 செப்டம்பர் 10 அன்றுதான் மிட்வே பணியில் சேர்ந்தது. வியட்நாம் போரில் இருந்தது, பார்க்க அருமையான கப்பல். ஆனால் உலகப்போரில் இருந்த கப்பல்தான் வேண்டும் என்றால் வடக்கே அலமேடா போய் ஹார்னெட்டைப் பாருங்கள், அதே வகையில் கட்டிய, இன்ட்ரெபிட்டின் கூடப்பிறந்த கப்பல்.

நம் நாட்டில் இப்படி ஒன்று ஏன் இல்லை?

இருந்தது ஐயா. 1971 போரில் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கிய விமானங்கள் கிளம்பிய பழைய விக்ராந்த் கப்பல், மும்பையில் 2001 முதல் 2012 வரை அருங்காட்சியகமாக நின்றது. பழுதடைந்து, பராமரிக்கப் பணமில்லை என்று சொல்லி 2014ல் உடைக்க விற்றுவிட்டார்கள். எனக்கு இது ஆறாத வருத்தம். இன்ட்ரெபிட்டும் உடைபடவே இருந்தது. சக்கரி ஃபிஷர் என்ற கட்டடத் தொழிலதிபர் முன்னின்று பணம் திரட்டியதால்தான் 1982ல் அருங்காட்சியகமாகத் திறந்தது. விசாகப்பட்டினம் போனால் ஆர்.கே. கடற்கரையில் குர்சுரா நீர்மூழ்கியைக் கரையேற்றி வைத்திருக்கிறார்கள், உள்ளே நடந்து போகலாம். அதை விட்டுவிடாதீர்கள்.