மான் நகர்ந்தது, மீன் நகரவில்லை

வணக்கம் சார்,

டெர்மினலில், அதாவது எழுத்துகள் மட்டும் கட்டம் கட்டமாக வரும் கட்டளைத் திரையில், ஓடும் ஒரு ஃபைல் மேனேஜரைத் தினமும் பயன்படுத்துகிறேன். ஓப்பன் சோர்ஸ்தான். ஃபைல் பெயர் தமிழில் இருந்தால், வலப்பக்கம் ஃபைலின் அளவைக் காட்டும் நெடுவரிசை கோணிக்கொள்ளும். எல்லாப் பெயருக்கும் இல்லை என்பதுதான் விசித்திரம். 'மீன்' என்று பெயர் வைத்தால் சரியாக நிற்கிறது, 'மான்' என்றால் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. இரண்டையும் ஸ்கிரீன்ஷாட்டோடு இஷ்யூவாக, அதாவது பிழைப் புகாராக, பதிந்தேன். பிறகு நானே உட்கார்ந்து தமிழ் எழுத்துகளின் அகலத்துக்கு ஓர் அட்டவணை எழுதி, நாற்பது வரிக்கு மேல் ஒரு பேட்ச் (நிரலுக்கான திருத்தம்) அனுப்பினேன். அப்படியே அந்த நிரல் ஃபைலில் கன்னாபின்னாவென்று கிடந்த இன்டென்டேஷனையும் (வரித் தொடக்கத்தில் விடும் இடைவெளி) சரிசெய்தேன். என் கம்ப்யூட்டரில் எல்லாம் நேராக வந்தது. வேறொருவர் வந்து, தன் டெர்மினலில் இப்போது வலப்பக்கம் நகர்கிறது என்றார். இரண்டு வாரம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் பராமரிப்பாளர் என் புல் ரிக்வெஸ்ட்டை (பேட்ச்சைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) மூடிவிட்டுத் தானே இரண்டு வரி எழுதினார். மூன்றாவது வரி அந்த இன்னொருவருடையது. அந்தத் திருத்தத்தைப் பதிந்த கமிட்டின் அடியில் இணை ஆசிரியர் என்று என் பெயர் இருக்கிறது. நான் எழுதியதில் ஒரு புள்ளிகூட அதில் இல்லை. இதற்குப் பெயர் கூட்டு உழைப்பா, ஆறுதல் பரிசா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த மூன்று வரியையும் படித்துப் பார்த்தேன். ஆறுதல் பரிசு இல்லை. உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் மானும் மீனும்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் எண் கொடுக்கும் தரமான யூனிகோடில், தமிழின் துணைக்குறிகள் எல்லாம் ஒரே வகையில் இல்லை. புள்ளியும் 'கீ'யில் வரும் சுழியும் தனியாக இடம் பிடிக்காத வகை. காலும் கொம்பும் மற்றவையும் இடம் பிடிக்கும் வகை. ஓர் எழுத்துக்குத் திரையில் எத்தனை கட்டம் என்று சொல்ல டபிள்யூசிவிட்த் என்று ஒரு ஃபங்ஷன் உண்டு. அதன் பழைய வழக்கப்படி முதல் வகைக்குச் சுழியம், இரண்டாம் வகைக்கு ஒன்று. அதனால்தான் மீனுக்கு இரண்டு கட்டம், மானுக்கு மூன்று. 'கொ' இன்னும் வேடிக்கை. அதன் துணைக்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணக்கில் ஒன்று இரண்டு கட்டம், மற்றது மூன்று.

உங்கள் டெர்மினல் மானுக்கு இரண்டு கட்டம்தான் கொடுக்கிறது. நிரலோ மூன்று என்று எண்ணி, பின்னால் போட வேண்டிய இடைவெளியில் ஒன்றைக் குறைத்துவிட்டது. நீங்கள் அட்டவணை போட்டு அதை இரண்டு என்று எண்ண வைத்தீர்கள். தமிழ் தெரிந்த யாரைக் கேட்டாலும் அதுதான் சரி என்பார்கள். ஆனால் அந்த இன்னொருவரின் டெர்மினல் மூன்று கட்டம் கொடுக்கும் ரகம். நிரலும் டெர்மினலும் ஒரே எண்ணை வைத்திருந்தால் தப்பான எண்கூட நேராக வந்துவிடும். ஆளுக்கொரு எண் வைத்திருந்தால் சரியான எண்ணும் கோணும். டெர்மினல் தன் கணக்கைத் தானாகச் சொல்லாது. கர்சர் இப்போது எங்கே நிற்கிறது என்று கேட்டால் சொல்லும்தான், ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் கேட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால் திரை தவழ ஆரம்பித்துவிடும்.

பராமரிப்பாளர் செய்தது என்ன? எண்ணுவதையே விட்டுவிட்டார். பெயரை எழுதுகிறார், பிறகு ஓர் எஸ்கேப் தொடரை (டெர்மினலுக்கான கட்டளைக் குறிகள்) அனுப்பி, கர்சரை நேராக அளவு நெடுவரிசை தொடங்கும் கட்டத்துக்குப் போகச் சொல்கிறார், அங்கே அளவை எழுதுகிறார். மான் இரண்டோ மூன்றோ, யாருக்கும் கவலையில்லை. ஆனால் அந்தப் பழைய இடைவெளிகள் சத்தமில்லாமல் இன்னொரு வேலையும் பார்த்துக்கொண்டிருந்தன. பட்டியலை உருட்டும்போது, அதே வரியில் முன்பு இருந்த நீளமான பெயரின் வாலை அழித்தது அவைதான். இடைவெளிகள் போனதும் வால் மானின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கும். மூன்றாவது வரி அதற்குத்தான்: எழுதுமுன் வரியைத் துடை. அந்த இன்னொருவர் உருட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால் இது அடுத்த மாதம் வேறொரு பக்காக (பிழையாக) வந்திருக்கும்.

இதில் நீங்கள் எங்கே என்று கேட்கிறீர்கள். "தமிழ் சரியாக வரவில்லை" என்று ஓர் இஷ்யூ வந்தால் தமிழ் படிக்கத் தெரியாத பராமரிப்பாளர் அதை வைத்து என்ன செய்வார்? நீங்கள் கொடுத்தது ஒரே ஒரு குறி மட்டும் மாறும் இரண்டு பெயர்கள், ஒன்று நகர்கிறது, ஒன்று நகரவில்லை. மொழி தெரியாதவரும் இரண்டையும் காப்பி செய்து ஒட்டினால் பக் கண்முன் வந்து நிற்கும். தோற்றுப்போன உங்கள் பேட்ச்சும் வீண் இல்லை. அது வந்திருக்காவிட்டால் அந்த இன்னொருவர் அதை ஓட்டிப் பார்த்திருக்க மாட்டார், எண்ணிக்கையைத் திருத்துவது முட்டுச்சந்து என்பதும் தெரிந்திருக்காது. என்னைக் கேட்டால் அந்த இரண்டு வரியை எழுதுவதைவிட இது கடினமான வேலை.

நாற்பது வரி அட்டவணையை ஏன் ஏற்கவில்லை என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. யூனிகோட் பெரும்பாலும் ஆண்டுதோறும் புதிய பதிப்பு வெளியிடுகிறது. அட்டவணையைச் சேர்த்துக்கொண்டால் அதைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். திருத்தப்போவது நீங்களா, அவரா? டெர்மினல் உலகில் ஒரே ஆள் பல காலம் சுமப்பதுதான் வழக்கம். கட்டளைகளை வாங்கி ஓட்டும் பாஷ் ஷெல்லைச் செட் ராமி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்துக்கொள்கிறார். எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினலைத் தாமஸ் டிக்கி 1996 முதல் பார்த்துக்கொள்கிறார். ஃபைலைப் பக்கம் பக்கமாகக் காட்டும் லெஸ் நிரலை 1980களில் எழுதத் தொடங்கிய மார்க் நூடல்மன்தான் இன்றும் அதைக் கவனிக்கிறார். இப்படிப்பட்ட இடத்தில் உள்ளே வரும் ஒவ்வொரு வரியும் ஒருவர் தலையில் ஏறும் சுமை.

இப்போது அந்தப் பாதி நியாயம். இரண்டு வாரம் பதில் வராதது சகஜம், சம்பளமில்லாத வேலை. ஆனால் பராமரிப்பாளர் உங்கள் புல் ரிக்வெஸ்ட்டை மூடுமுன், "எண்ணுவதை விட்டு வேறு வழி பார்க்கிறேன், காரணம் இது" என்று இரண்டு வரி எழுதியிருக்க வேண்டும். அடுத்த பேட்ச்சை உங்கள் கையாலேயே எழுதவைத்திருக்கலாம். அதைச் செய்யாதது அவர் குறைதான். இணை ஆசிரியர் வரி அந்தக் குறையை மறைக்காது, ஆனால் அதில் உங்கள் பெயர் இருப்பது நியாயம்.

இன்டென்டேஷன் விஷயத்தில் மட்டும் நான் அவர் பக்கம். பக்கைத் திருத்தும் பேட்ச்சோடு அதைக் கலந்தால், எது திருத்தம், எது அலங்காரம் என்று படிப்பவர் வரி வரியாகப் பிரிக்க வேண்டும். எந்த வரியைக் கடைசியாக யார் மாற்றினார் என்று காட்டும் கிட் பிளேமில் பார்த்தால் நீங்கள் தொடாத விஷயத்துக்கெல்லாம் உங்கள் பெயர் நிற்கும். அதைத் தனிக் கமிட்டாக அனுப்பியிருக்க வேண்டும். அதுவும் அவர் வேண்டும் என்று சொன்னால்தான்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. பெயர் நீளமாகி அளவு நெடுவரிசையைத் தாண்டினால் எங்கே வெட்டுவது என்பதற்கு நிரல் இன்னும் எண்ணித்தான் பார்க்கிறது. அங்கே மானின் தொல்லை அப்படியே இருக்கிறது, எஸ்கேப் தொடர் அதற்கு உதவாது. 'மா' என்பதையே திரும்பத் திரும்ப எழுதி நீளமாக ஒரு பெயர், 'மீ'யை அதே எண்ணிக்கையில் எழுதி இன்னொன்று வைத்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு இடத்தில் வெட்டுப்பட்டால் இஷ்யூவாகப் பதியுங்கள். எந்த டெர்மினல், எந்தப் பதிப்பு, லோக்கேல் (மொழி, எழுத்து அமைப்பு) என்ன என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எப்படித் திருத்தலாம் என்று அவர்கள் இருவரையும் கேட்டுவிட்டு, பேட்ச் அப்புறம்.