ஒரு நியூரான் அரிதாகத் துடித்தாலும் காமா தாளத்தில் சேர்ந்திருக்கலாம்

வணக்கம். மூளையின் மின்னழுத்தப் பதிவில் 40 ஹெர்ட்ஸ் காமா அலை (நொடிக்கு 40 முறை ஏறியிறங்கும் தாளம்) தெளிவாகத் தெரிந்தும், உங்கள் பிரமிடு நியூரான் (மற்ற நியூரான்களைத் தூண்டும் வகை நரம்பணு) நொடிக்கு மூன்று முறையே துடிப்பதால், அதாவது மின்துடிப்பு எழுப்புவதால், அது அந்தத் தாளத்தில் சேரவில்லை என்று முடிவுசெய்துவிட வேண்டாம். தாளத்தைப் பெரும்பாலும் கட்டுபவை பார்வல்புமின் என்ற புரதம் கொண்ட தடுப்பு நியூரான்கள். அவை பல சுற்றுகளில் ஒன்றாகத் துடித்து, அருகிலுள்ள பிரமிடு நியூரான்களை அடக்குகின்றன. 25 மில்லிநொடி நீளும் ஒவ்வொரு சுற்றிலும், காபா என்ற வேதிப்பொருள் வழியே வரும் அந்தத் தடுப்பு தளரும் சிறு இடைவெளியில்தான் வெவ்வேறு சில பிரமிடு நியூரான்கள் துடிக்கின்றன. ஆகவே ஒவ்வொரு துடிப்பும் அலையின் எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று கணக்கிடுங்கள்; துடிப்புகள் ஒரே கட்டத்தை ஒட்டிக் குவிந்தால், நியூரான் தாளத்தில் சேர்ந்திருக்கிறது. ஆனால் துடிப்பைப் பதிவுசெய்த அதே மின்முனையிலிருந்து அலையை எடுக்காதீர்கள்; துடிப்பின் எச்சம் அதில் கலந்து பொய்யான ஒத்திசைவைக் காட்டும் (இதில் ஏமாறுவது மிக எளிது). பக்கத்து மின்முனையின் பதிவே பாதுகாப்பானது.