காது இரைச்சலின் சுருதிக்கும் கேட்கும் திறன் குறைந்த இடத்துக்கும் என்ன தொடர்பு?

வெளியே எந்த ஒலியும் இல்லாதபோதும் காதிலோ தலைக்குள்ளோ ‘ஙொய்’ என்றோ விசில் போலவோ ஓயாமல் கேட்பதைத்தான் காது இரைச்சல் என்கிறோம். பலருக்கு அந்த ஒலியின் சுருதி, கேட்கும் திறன் குறைந்துபோன அதிர்வெண்களை ஒட்டியே அமைகிறது.

உட்காதில் நத்தை ஓடுபோலச் சுருண்டிருக்கும் காக்ளியாவின் நுழைவாயிலருகே உள்ள மயிர்ச் செல்கள் கீச்சொலிகளையும், உள்நுனியில் உள்ளவை கனத்த ஒலிகளையும் உணர்கின்றன. விசைத்தறிக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை செய்தவரின் ஆடியோகிராமை, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடத்தைப் பார்த்தால், கோடு 4000 ஹெர்ட்ஸை ஒட்டிப் பள்ளமாக இறங்கியிருப்பதைப் பெரும்பாலும் காணலாம். அவருக்குக் கேட்பதும் பொதுவாகச் சில்வண்டு போன்ற கீச்சொலிதான். உட்காதைப் பாதித்துத் தலைச்சுற்றலைத் தரும் மெனியர் நோயின் தொடக்கத்தில் தாழ்ந்த அதிர்வெண்கள் பாதிக்கப்படுவதால், கடலிரைச்சல் போன்ற கனத்த ஒலி கேட்கிறது.

செல்கள் பழுதான பகுதியிலிருந்து செய்தி வராதபோது, அந்த அதிர்வெண்களுக்குரிய நரம்பணுக்களின் உணர்திறனை மூளை கூட்டிக்கொள்கிறது என்பதே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். ரேடியோவில் நிலையம் சரியாக எடுக்கவில்லையென்று ஒலியளவைக் கூட்டினால், பாட்டுக்குப் பதில் கரகரப்புதானே பெரிதாகக் கேட்கிறது? அதைப் போன்றதுதான் இதுவும். ஆனால் சுருதிக்கும் கேட்கும் திறன் குறைந்த இடத்துக்கும் உள்ள இந்தப் பொருத்தம் எல்லோரிடமும் துல்லியமாக அமைவதில்லை. ஆடியோகிராம் இயல்பாக இருப்பவர்களுக்கும் இரைச்சல் வருவதுண்டு.

காது இரைச்சல்தான் செவித்திறனைக் கெடுத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள்; பெரும்பாலும் செவித்திறன் குறைந்ததன் விளைவே அந்த இரைச்சல்.