லேடீஸ் சீட்டிலிருந்து ஆற்றுக்கு இறக்கிவிடுகிறாராம், தலைக்கு 1,800 ரூபாயாம்!

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறோம். நான், கணவர், பத்தாவது முடித்த மகன், 68 வயது மாமியார் என நாலு பேரும் ஏற்காடு போக நினைக்கிறோம். அங்கே லேடீஸ் சீட் என்கிற காட்சிமுனைப் பாறையில் நின்றால் காவிரி தெரியும், அங்கிருந்தே சரிவில் இறங்கி ஆற்றோரமாக நடந்து வரலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சொல்கிறார். வன அனுமதி அவரே வாங்கித் தருவாராம். தலைக்கு 1,800 ரூபாய், பாதியை ஜிபேயில் முன்பணமாகக் கேட்கிறார். நம்பலாமா?

பதில்: பணம் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டிருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

லேடீஸ் சீட்டிலிருந்து காவிரி தெரியும் என்பது பொய்யில்லை. ஆனால் ஓடுகிற ஆறாகத் தெரியாது, மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பாகத் தெரியும். அணை ஏற்காட்டுக்கு மேற்கே, நேர்கோட்டில் அளந்தாலே 40 கிலோமீட்டருக்கு மேல். வானம் தெளிந்திருந்து, அணையிலும் தண்ணீர் நிறைந்திருந்தால், தூரத்தில் ஈயம் பூசின தட்டைச் சாய்த்து வைத்த மாதிரி ஒரு மினுமினுப்பு. அந்தச் சரிவில் இறங்கினால் காவிரிக் கரை வராது. காடு வரும், பாறை வரும், கடைசியில் சேலத்து அடிவாரம் வரும். திருமணிமுத்தாறும் சரபங்காவும் வாணியாறும் ஏற்காடு இருக்கிற இந்தச் சேர்வராயன் மலையில்தான் பிறக்கின்றன என்றாலும், மலைமேல் அவை வெறும் ஓடைகள். அவர் சொல்கிற ‘ஆற்றோரம்’ பெரும்பாலும் கிளியூர் அருவி ஓடையாகத்தான் இருக்கும்.

பாறையில் நின்று பார்ப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். வாசலில் நுழைவுக் கட்டணம் கேட்டால் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். மேட்டூர் தெரிய வேண்டுமானால் காலையில் போங்கள், வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். சாயங்காலம் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும். அஸ்தமனம் அழகுதான், ஆனால் அணை தெரியாது. பகோடா பாயின்ட் என்கிற இன்னொரு காட்சிமுனை மலையின் கிழக்குப் பக்கம் இருக்கிறது, அங்கே இது அப்படியே தலைகீழ். மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலைதான் எல்லாவற்றிலும் நல்லது. கோடையில் புழுதி மூட்டம் இருக்கும், தெரியாவிட்டால் யாரையும் குறை சொல்லாதீர்கள்.

இனி அந்த அனுமதி விஷயம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்தார்கள். மலையேற்றத்துக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தது அதற்குப் பிறகுதான். 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று அரசே 40 பாதைகளை அறிவித்தது. நீங்களே இணையத்தில் உங்கள் பெயரில் பதியலாம், ரசீதும் உங்கள் பெயருக்கே வரும், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள் கூட வருவார்கள். தீப்பிடிக்கிற மாதங்களில் மூடிவிடுவார்கள். நடுவில் இன்னொருவருக்கு என்ன வேலை? வாட்ஸ்அப்பில் வருகிற ‘பர்மிஷன் லெட்டர்’ எதிலாவது உங்கள் நாலு பேரின் பெயரும், தேதியும், பாதையின் பெயரும் இருக்கிறதா என்று கேளுங்கள். நான் பார்த்தவற்றில் ஒன்றில்கூட இருந்ததில்லை. ஒரே கடிதத்தைத் தேதி மாற்றி மூன்று குழுக்களுக்கு அனுப்பியதை என் கையிலேயே வைத்துப் பார்த்திருக்கிறேன்.

ஏற்காட்டுக்கும் இ-பாஸ் (மலைக்குப் போகிற வண்டிக்கு இணையத்தில் எடுக்கிற அனுமதிச்சீட்டு) வேண்டும், எடுத்துத் தருகிறேன் என்று தனியாக 200, 300 கறக்கிறவர்களும் உண்டு. 2024 மே மாதம் வந்த அந்த நடைமுறை ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உரியது. அங்கேயும் அது இலவசம்.

‘ஊர்க்காரர் கூட வந்தால் யாரும் கேட்கமாட்டார்கள்’ என்பது அடுத்த வலை. மலைக்கிராமத்து மக்கள் தலைமுறை தலைமுறையாக நடக்கிற ஒற்றையடிப் பாதைகள் அங்கே இருக்கின்றன. அந்த உரிமை அவர்களுடையது, கூடப் போகிறவருக்கு ஒட்டிக்கொள்ளாது. வனத்துறையின் காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1882ஆம் ஆண்டு வனச்சட்டப்படி குற்றம். பிடிபட்டால் அபராதம் உங்களுக்கு. கூட்டிப்போனவர் அதற்குள் புதரில் மறைந்திருப்பார்.

இதில் ஒரு விலக்கு உண்டு, அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். வாகனம் போகிற பொதுச் சாலை காட்டுக்குள் போனாலும் அதில் நடப்பது மலையேற்றம் ஆகாது. ஏற்காடு ஏரியிலிருந்து லேடீஸ் சீட்டுக்குத் தார்ச்சாலையிலேயே நடந்து போகலாம், அருமையான நடை. ஆனால் அந்தச் சலுகை தார் இருக்கிற வரைக்கும்தான். கொண்டை ஊசி வளைவுகளுக்கு இடையே குறுக்குவழி என்று ஒரு தடம் இறங்கும். அதில் கால் வைத்த நிமிஷம் நீங்கள் காட்டுக்குள். காப்பித் தோட்டத்து கேட் திறந்து கிடந்தாலும் அது பொது வழி அல்ல, சொந்தக்காரர் தோட்டம். எங்கே சாலை முடிகிறது, எங்கே காப்புக்காடு தொடங்குகிறது என்று காட்சிமுனையிலேயே ஒரு பலகை வைத்தால் இத்தனை விளக்கமே தேவைப்படாது. இதை எழுதிக் கொடுத்து நான் அலைந்த அலுவலகங்களில் ஒவ்வொன்றும் அடுத்ததைக் கை காட்டியது. வருகிற ஜனங்களுக்கு எதுவும் தெரியாமல் இருப்பது யாருக்கு லாபம்? இந்த இடைத்தரகர்களுக்குத்தான்.

மகன் கிளியூர் அருவிக்குப் போயே ஆகவேண்டும் என்பான். அந்த அருவிக்குத் தண்ணீர் ஏற்காடு ஏரி நிரம்பி வழிவதிலிருந்து வருகிறது. நீங்கள் நிற்கிற இடத்தில் ஒரு தூறல்கூட இல்லாமல், மேலே ஏரிப்பக்கம் பெய்த மழையில் அருவி திடீரென்று பெருகும். தண்ணீர் கலங்கி, சருகு அடித்து வந்தால் அந்த நொடியே கரையேறச் சொல்லுங்கள். கசத்தில், அதாவது ஆழமான பள்ளத்து நீரில், இறங்கவே விடாதீர்கள். கோடையில் போனால் வெறும் பாறைதான்.

விளிம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த மலை சார்னோகைட் என்கிற கெட்டிப் பாறை, ஆனால் மேலே உதிரி மண்ணும் சரளையும் பரவிக் கிடக்கும். கேழ்வரகு கொட்டின தரையில் கால் வைத்த மாதிரி வழுக்கும். கம்பிவேலியைத் தாண்டி செல்ஃபி எடுக்கிற பையன்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. உங்கள் மகனிடம் வீட்டிலேயே சத்தியம் வாங்கிவிடுங்கள். பாறை முகத்தில் மலைத்தேனீ கூடு தெரிந்தால் கல்லெறிவதோ புகை போடுவதோ கூடாது. குரங்குகள் முன்னால் தின்பண்டப் பையைத் திறக்காதீர்கள்.

மாமியாரை லேடீஸ் சீட்டுக்கு வண்டியிலேயே கூட்டிப்போங்கள். கிளியூர் படி அவருக்கு வேண்டாம். இறங்கிவிடலாம், ஏறும்போது முழங்கால் பழிவாங்கிவிடும். சேலம் அடிவாரம் வழியாகப் போனால் 20 கொண்டை ஊசி வளைவு. தலைசுற்றல் உள்ளவராக இருந்தால் முன்சீட்டில் உட்காரவைத்து, வளைவு குறைவான குப்பனூர் வழியாகப் போய்வாருங்கள். மழைக்காலத்தில் எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதை சரிந்து போக்குவரத்தே நின்றுபோனது.